மழை விட்டும் வராத சேனல்கள்: ஒரு வீட்டு டிஷ் பழுதின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நாகப்பட்டினம் மாவட்டத்தில், கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே உள்ள ஊர். வயதான தம்பதி இருவர் மட்டும் இருக்கும் வீடு. மேலே மொட்டை மாடி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பழைய டிஷ் கம்பத்தோடு சாய்ந்துவிட்டது. அதன்பின் கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் அடித்து 65 செ.மீ. டிஷ் ஒன்றைப் புதிதாக வைத்தார்கள். மாதச் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் இணைப்பு. இது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது.

டிஷ்ஷிலிருந்து ஆர்ஜி-6 கேபிள் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை ஃபோம், அதன் மேல் உலோக வலை உள்ள வழக்கமான டிஷ் கேபிள்) வெளிச்சுவர் வழியே இறங்கி முன்கூடத்துக்குப் போயிருந்தது. அந்தத் துண்டு சுமார் 20 மீட்டர். பிறகு டிவியைப் பின்அறைக்கு மாற்றியபோது இன்னொரு 12 மீட்டர் துண்டைச் சேர்த்து நீட்டினார்கள். இரண்டும் சேரும் ஜாயிண்ட் வீட்டுக்கு வெளியே, சன்ஷேடுக்குக் கீழே, கேபிள் தொய்ந்து தொங்கும் இடத்தில் இருந்தது. மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. ஏறக்குறைய ஐந்து வருடம் எந்தத் தொல்லையும் இல்லை.

அறிகுறியும் அக்கம்பக்கத்து யோசனையும்

ஐந்தாவது வருடத்து வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சில சேனல்களில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு அதே சேனல்களில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்தது. மற்ற சேனல்கள் நன்றாகவே தெரிந்தன. எல்லாம் போயிருந்தால் டிஷ் என்று யாரும் சொல்லியிருப்பார்கள். பாதி வந்து பாதி போனதால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

முதல் யோசனை, சேனல்கள் இடம் மாறியிருக்கும், ஆட்டோ ஸ்கேன் போடுங்கள் என்பது. யோசனையில் தவறில்லை. ஃப்ரீ டிஷ்ஷில் சேனல் இடங்களுக்கான ஏலம் முடிந்து சேனல்கள் மாறும்போது மறுபடி ஸ்கேன் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதைச் செய்த நேரம் தவறிவிட்டது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, சில அலைவரிசைகள் (ஒவ்வொன்றிலும் பல சேனல்கள் சேர்ந்து வரும்) முற்றிலும் இறந்திருந்த நேரத்தில் ஸ்கேன் போட்டார்கள். அந்த நேரத்தில் கிடைத்ததை மட்டும் செட்டாப் பாக்ஸ் பட்டியலில் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டது. பிற்பகலில் சிக்னல் திரும்பியபோதும் அந்தச் சேனல்கள் பட்டியலில் இல்லை. அதுவரை ‘வந்து வந்து போகிறது’ என்று இருந்த பழுது, ‘நிரந்தரமாகப் போய்விட்டது’ என்று தோற்றம் மாறியது. விட்டு விட்டு வரும் பழுதின் மிகப் பெரிய துப்பு அது வரும் நேரமும் போகும் நேரமும்தான். அந்தத் துப்பு இந்த ஸ்கேனில் மறைந்துபோனது.

எல்என்பி மாற்றம்: ஏன் குணமானதுபோல் தெரிந்தது

உள்ளூர் மெக்கானிக் வந்து எல்என்பியை, அதாவது டிஷ்ஷின் முன்னால் நீளும் கையின் நுனியில் இருந்து சிக்னலை வாங்கிக் கேபிளுக்குள் அனுப்பும் கருவியை, மாற்றினார். மறுபடி ஸ்கேன் போட்டதும் எல்லாச் சேனலும் வந்தன. நான்கைந்து நாள் வெயில் அடித்தது, படமும் ஓடியது. அடுத்த மழைக்குப் பழையபடியே ஆனது.

இந்த இடைக்கால நிவாரணத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று வெயில். மற்றொன்று, எல்என்பியை மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மறுபடி முறுக்கினார். அப்படி முறுக்கும்போது களிம்பு பிடித்த உலோகம் உரசி, தொடர்பு கொஞ்ச நாளுக்குச் சுத்தமாகிறது. எந்த உதிரியை மாற்றினாலும் அதோடு கனெக்டரும் கழன்று மாட்டப்படுகிறது என்பதால், ‘மாற்றினேன், சரியாயிற்று’ என்பதை மட்டும் வைத்து அந்த உதிரிதான் பழுது என்று சொல்ல முடியாது. கழற்றிய பழைய எல்என்பியை வேறொரு வீட்டு டிஷ்ஷில் போட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பின்னால் அப்படிப் பார்த்தபோது அது குறையில்லாமல் வேலை செய்தது.

இந்த மாற்றத்தில் இன்னொரு வினையும் சேர்ந்தது. பழைய எல்என்பி பிடிப்பானில் எந்தக் கோணத்தில் திரும்பி இருந்தது என்று அடையாளம் வைக்காமல் கழற்றிவிட்டார்கள். புதியது கண்மதிப்பில் மாட்டப்பட்டது. இதன் விளைவு பின்னால் தெரிந்தது.

இரண்டாவது ஆய்வு: குறிப்பு எடுத்த பிறகே மாடி

அடுத்து அழைக்கப்பட்டவர் டிஷ் வேலையில் நீண்ட காலம் பழகிய டெக்னீஷியன். முந்தின நாள் மாலை கனமழை பெய்திருந்தது; அவர் வந்த காலையில் வானம் வெளுத்திருந்தது. வீட்டு அம்மா சொன்ன ஒரு வரிதான் திசையைக் காட்டியது: “மழை பெய்றப்ப போனா பரவால்ல தம்பி. மழை விட்டு வெயில் அடிச்சாலும் மத்தியானம் வரைக்கும் வர்றதில்ல.”

டிஷ் சேனல்கள் வரும் உயர் அதிர்வெண் வரிசையான கேயூ பேண்டில் கனமழை சிக்னலைக் குறைப்பது இயல்பு. ஆனால் அது மழை மேகம் பாதையில் இருக்கும் வரைதான். மேகம் நகர்ந்ததும் சில நிமிடங்களில் படம் திரும்பிவிடும். பாதிப்பும் எல்லா அலைவரிசைகளுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். மழை நின்று பத்து மணி நேரம் கழித்தும் சிக்னல் இல்லை என்றால், மழை வானத்தில் இல்லை. எங்கோ ஒரு பொருளுக்குள் தண்ணீராக நிற்கிறது. வெயிலில் காய்ந்ததும் சரியாகிறது என்பது அதை உறுதிப்படுத்துகிறது.

மாடிக்கு ஏறுமுன் அவர் பாக்ஸின் சிக்னல் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஸ்ட்ரென்த் (சிக்னலின் பலம்), குவாலிட்டி (சிக்னலின் தரம்) என்ற இரண்டு எண்களையும் தாளில் எழுதினார். ஃப்ரீ டிஷ் அலைவரிசைகள் செங்குத்து முனைவாக்கத்தில் (அலை மேலும் கீழுமாக அதிரும் வகையில்) வருகின்றன. அன்று காலை கிடைத்தவை (அலைவரிசை எண்கள் மெகாஹெர்ட்ஸில்):

11090: ஸ்ட்ரென்த் 78, குவாலிட்டி 62
11470: ஸ்ட்ரென்த் 74, குவாலிட்டி 41
11550: ஸ்ட்ரென்த் 70, குவாலிட்டி 18, நிலையில்லாமல் ஆடியது
11630: ஸ்ட்ரென்த் 66, குவாலிட்டி 0

இந்தச் சதவீதங்கள் அந்தப் பாக்ஸுக்கு மட்டும் பொருந்துபவை. வேறு பாக்ஸில் வேறு எண் வரும். ஆனால் ஒரே பாக்ஸில் ஒன்றோடொன்று ஒப்பிடும்போது அவை நிறையச் சொல்கின்றன. மேலே போகப் போக மோசமாகிறது, அதுவும் படிப்படியாக.

எல்என்பிக்குள் இருக்கும் ஆசிலேட்டர் 9750 மெகாஹெர்ட்ஸைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் கேபிளில் அனுப்புகிறது. ஆகவே 11090 கேபிளுக்குள் 1340 மெகாஹெர்ட்ஸாகவும், 11630 கேபிளுக்குள் 1880 மெகாஹெர்ட்ஸாகவும் ஓடுகின்றன. கேபிளில் இழப்பு அதிர்வெண்ணோடு கூடும். ஆனால் 32 மீட்டர் நல்ல ஆர்ஜி-6 கேபிளில் இந்த இரண்டுக்கும் இடையே இழப்பு வித்தியாசம் ஏறத்தாழ 2 டெசிபெல்தான். அது ஒன்றைப் படமாகவும் மற்றொன்றைப் பூஜ்யமாகவும் ஆக்காது. கேபிளில் தண்ணீர் புகுந்தால் கதை வேறு. வெள்ளை ஃபோம் நனைந்ததும் உயர் அதிர்வெண்களில் இழப்பு வேகமாக ஏறும். கேபிள் முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டிய 75 ஓம் என்ற மின்மறுப்பு அந்த இடத்தில் கெட்டு, சிக்னலின் ஒரு பகுதி திரும்பி எதிரொலிக்கும்.

டிஷ் திரும்பியிருந்தால் இப்படி வராது. இலக்கு விலகிய டிஷ்ஷில், ஒரே செயற்கைக்கோளின் ஒரே முனைவாக்க அலைவரிசைகள் ஏறக்குறைய சேர்ந்தே இறங்கும். எனவே முதல் சந்தேகம் கேபிள் மேல் விழுந்தது. ஆனால் முடிவு எடுக்கவில்லை; இரண்டு விஷயங்களை விலக்க வேண்டியிருந்தது.

தென்னை மரம்

கிழக்குப் பக்கம் டிஷ்ஷிலிருந்து சுமார் 8 மீட்டர் தள்ளி ஒரு தென்னை நின்றது. அதன் கொண்டை டிஷ்ஷைவிட 9 மீட்டர் உயரம் இருக்கும். ஈரமான மட்டை மறைக்கிறது, மரத்தை எடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கஜாவில் தப்பித்த மரம் அது.

நாகப்பட்டினத்திலிருந்து பார்த்தால் 93.5 டிகிரி செயற்கைக்கோள் தென்கிழக்கில், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 128 டிகிரி திசையில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 70 டிகிரி உயரத்தில் இருக்கிறது. 70 டிகிரி என்றால் கிட்டத்தட்ட தலைக்கு மேலே. அந்தக் கோணத்தில் போகும் நேர்கோடு 8 மீட்டர் தள்ளிப் போகும்போது 22 மீட்டர் உயரத்தில் இருக்கும். 9 மீட்டர் மரம் அதன் பக்கத்தில்கூட வராது. மரம் டிஷ்ஷைவிட எவ்வளவு உயரமோ அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான தூரத்துக்குள் நின்றால்தான் இங்கே மறைக்கும். இந்தக் கணக்கில் தென்னை விடுவிக்கப்பட்டது.

வடஇந்தியாவில் எடுத்த வீடியோக்களைப் பார்த்து டிஷ் வைப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். டெல்லியிலிருந்து இதே செயற்கைக்கோள் சுமார் 52 டிகிரி உயரத்தில்தான் தெரியும். அங்கே டிஷ் நிற்கும் நிலையை அப்படியே இங்கே வைத்தால் 18 டிகிரி கீழே பார்க்கும். தமிழ்நாட்டில் டிஷ்ஷின் முகம் நன்றாக மல்லாந்தே இருக்க வேண்டும்.

கணக்கு போட விரும்பாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மார்ச் 15 வாக்கில் காலை 11:15 மணிக்கும், செப்டம்பர் 27 வாக்கில் காலை 11 மணிக்கும் இந்தப் பகுதியில் சூரியன் அதே செயற்கைக்கோளின் இடத்துக்கு வருகிறது. அப்போது டிஷ்ஷின் முகத்தில் மரத்தின் நிழலோ சுவரின் நிழலோ விழுந்தால் மறைப்பு உண்டு. விழவில்லை என்றால் இல்லை. அந்த நாட்களில் அதே நேரத்தில் சில நிமிடம் படம் போவதும் இயல்பு. சூரியனின் இரைச்சல் எல்என்பிக்குள் நேராக விழுவதால் நடப்பது அது. பழுது என்று நினைத்து டிஷ்ஷைத் திருப்பிவிடக் கூடாது.

கேபிளைத் தவிர்த்துச் செய்த சோதனை

பாக்ஸையும் ஒரு சிறிய டிவியையும் மாடிக்கு எடுத்துப்போய், 2 மீட்டர் புதுக் கேபிளால் நேராக எல்என்பியில் இணைத்தார்கள். தரை காய்ந்த பிறகே எக்ஸ்டென்ஷன் வயர் போட்டார்கள். கேபிளைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் பாக்ஸின் மின்சாரத்தை நிறுத்தினார்கள். நடுக்கம்பியில் எல்என்பிக்கான மின்சாரம் ஓடுவதால், அது வெளி வலையில் உரசினால் பாக்ஸின் மின்வழங்கி கெட்டுப்போகலாம். இந்த ஒரு கவனக்குறைவில் நல்ல பாக்ஸ்கள் நிறைய வீணாகின்றன.

கிடைத்த எண்கள்: நான்கு அலைவரிசைகளிலும் ஸ்ட்ரென்த் 91, 92, குவாலிட்டி 63 முதல் 66 வரை. கீழே பூஜ்யமாக இருந்த 11630 இங்கே 63.

டிஷ், எல்என்பி, பாக்ஸ் மூன்றும் அந்தப் பழுதுக்குக் காரணமில்லை என்பது இதில் தீர்ந்தது. நடுவில் இருந்த 32 மீட்டர்தான் குற்றவாளி. ஆனால் எண்கள் சமமாக இருந்தாலும் 65-ஐ ஒட்டியே நின்றதை டெக்னீஷியன் தனியாகக் குறித்துவைத்தார். அதே தெருவில் அதே மாதிரிப் பாக்ஸ் உள்ள வீட்டில் 80-க்கு மேல் காட்டியது. ஆக, வேறொரு குறையும் கூடவே இருந்தது.

வோல்ட்டேஜ்

கேபிள் சிக்னலைக் கீழே கொண்டுவருவதோடு மின்சாரத்தை மேலேயும் கொண்டுபோகிறது. செங்குத்து முனைவாக்கத்துக்குப் பாக்ஸ் 13 வோல்ட்டும், கிடைமட்டத்துக்கு 18 வோல்ட்டும் அனுப்பும். மேல் முனையில் கேபிளைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தபோது 13.4 வோல்ட் காட்டியது. இங்கேயே திருப்தியடைந்து விடுபவர்கள் அதிகம். மின்னோட்டம் இல்லாதபோது களிம்பு பிடித்த ஜாயிண்ட்டும் முழு வோல்ட்டேஜையே காட்டும்.

எல்என்பி எடுக்கும் அளவு சுமையைக் கொடுத்துத்தான் அளக்க வேண்டும். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையில் பிடித்து மறுபடி அளந்தபோது 11.0 வோல்ட். அதாவது 0.11 ஆம்பியர் ஓடும்போது 2.4 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. வழியில் 22 ஓம் தடை இருக்கிறது. எஃகு மேல் செம்பு பூசிய நடுக்கம்பி உள்ள 32 மீட்டர் நல்ல கேபிளில் 3 அல்லது 4 ஓம்தான் வர வேண்டும். பொதுவாக 11 வோல்ட்டை ஒட்டி இறங்கும்போது எல்என்பி தடுமாறத் தொடங்கும். மழை நாளில் சில நேரம் எல்லாச் சேனலும் ஒரு நொடி போய்த் திரும்பியதற்கு இதுவே விளக்கம்.

ஜாயிண்ட்டைத் திறந்தபோது

பிறகுதான் சன்ஷேடுக்குக் கீழே இருந்த ஜாயிண்ட்டைக் கையில் எடுத்தார். பாக்ஸில் 11550 ஓடிக்கொண்டிருந்தது. ஜாயிண்ட்டை லேசாக வளைத்ததும் குவாலிட்டி 18-லிருந்து 40-க்குத் தாவி மறுபடி விழுந்தது.

கறுப்பு டேப்பின் பசை வெயிலில் உருகிக் கோந்தாகிவிட்டிருந்தது. விரலில் ஒட்டிக்கொண்டு நூல் நூலாக வந்தது. கடைசிச் சுற்று பிரிந்ததும் உள்ளிருந்து நாலைந்து சொட்டுத் தண்ணீர் கையில் விழுந்தது. தண்ணீரைத் தடுக்கச் சுற்றிய டேப், உள்ளே போன தண்ணீரைக் காயவிடாமல் பிடித்துவைத்திருந்தது. கனெக்டர் திருகு வகை. கழற்றியதும் அலுமினிய வலை வெள்ளை மாவாக உதிர்ந்தது. பித்தளைப் பாகத்தில் பச்சைக் களிம்பு. நடுக்கம்பியின் நுனியில் செம்புப் பூச்சு போய், எஃகு துருப்பிடித்துப் பழுப்பாக இருந்தது. கடல் காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியமும் பித்தளையும் தொடும் இடம் ஐந்து வருடத்தில் இப்படி ஆவது ஆச்சரியமில்லை.

தண்ணீர் புகுந்த விதமும் அங்கேயே தெரிந்தது. மேலிருந்து இறங்கும் கேபிளின் உறைமேல் வழியும் மழைநீர் தொய்வின் அடிப்புள்ளிக்கு வந்து சேரும். அடிப்புள்ளியில்தான் ஜாயிண்ட்.

எதை மாற்றுவது

மூன்று வழிகள் இருந்தன. ஜாயிண்ட்டை மட்டும் வெட்டிப் புதுக் கனெக்டர் போடுவது. கீழ்த் துண்டை மட்டும் மாற்றுவது. டிஷ்ஷிலிருந்து பாக்ஸ் வரை ஒரே கேபிளாக இழுப்பது.

முதல் வழி மலிவு. அதனால் அதையே முதலில் பார்த்தார்கள். கேபிளை ஒவ்வோர் அடியாக வெட்டி, வலை பளபளப்பாக வரும் இடம் வரை போக வேண்டும். வலை தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும் என்பதால் கருமை கண்ணுக்குத் தெரிகிற ஜாயிண்ட்டோடு நிற்பதில்லை. இங்கே மேல்பக்கம் 2 மீட்டரும் கீழ்ப்பக்கம் 3 மீட்டரும் கறுத்திருந்தன. அவ்வளவையும் வெட்டினால் கேபிள் எட்டாது; நடுவில் ஒரு துண்டு சேர்த்து ஒரு ஜாயிண்ட்டுக்குப் பதிலாக இரண்டு ஜாயிண்ட் வைக்க வேண்டிவரும். அடுத்த மழைக்கு இரண்டு சந்தேகம். எனவே முன்கூடத்தைச் சுற்றாமல் பின்சுவர் வழியே நேராக 28 மீட்டரில் ஒரே கேபிள் இழுப்பது என்று முடிவானது. பழைய கேபிளில் நன்றாக இருந்த பகுதியை வீட்டுக்குள் பயன்படுத்த வைத்துக்கொண்டார்கள்.

கறுப்பு உறை கேபிள் வாங்கினார்கள். வெள்ளை உறை மாடி வெயிலில் சீக்கிரம் வெடிக்கும். கனெக்டர் அழுத்தும் வகை. திருகு வகையைக் கடற்கரைப் பகுதியில் வெளியே போடவே கூடாது. முனையைச் சீவும்போது ஃபோம் கனெக்டரின் உள்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும், நடுக்கம்பி விளிம்புக்கு வெளியே 2 அல்லது 3 மி.மீ. நீள வேண்டும், வலையின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. இழை தொட்டால் ஷார்ட். கம்பி குட்டையாக இருந்தால் குளிரில் சுருங்கும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும்.

எல்என்பி முனையில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இரு மடங்கு நீளம் இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி, ஓடு வேய்வதுபோல் கீழிருந்து மேலாகச் சுற்றினார்கள். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே வாங்கும். அதன் மேல்தான் சாதாரண டேப், அதுவும் வெயிலிலிருந்து ரப்பரைக் காக்க மட்டும். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி மேலேறும்படி வளைவு விட்டார்கள். வழிந்துவரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். துளையும் உள்ளிருந்து வெளியே சாய்வாகப் போடப்பட்டது.

புதுக் கேபிளின் மேல்முனையில் அதே 100 ஓம் சுமையோடு அளந்தபோது 12.9 வோல்ட்.

இரண்டாவது குறை: சாய்ந்த டிஷ்

இப்போது பின்அறையில் நான்கு அலைவரிசைகளிலும் குவாலிட்டி 64-ஐ ஒட்டிச் சமமாக நின்றது. வீட்டார் போதும் என்றார்கள். டெக்னீஷியன் விடவில்லை, அதில் நியாயம் உண்டு. தெளிந்த வானத்தில் 64 என்பது நல்ல படத்தைத் தரும். ஆனால் மழைக்காக வைத்திருக்க வேண்டிய சேமிப்பு அங்கே குறைவு. லேசான மழைக்கே படம் போகும்.

கம்பத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் அது செங்குத்தாக இல்லை. கைப்பிடிச் சுவரில் அடித்த இரண்டு ஆங்கர் போல்ட்டுகளில் மேல் போல்ட் தளர்ந்திருந்தது. உயரக் கோணத்தைப் பிடிக்கும் நட்டு துருவேறிப் பிடியை இழந்ததால், எல்என்பிக் கையின் எடை டிஷ்ஷை முன்பக்கம் கொஞ்சம் கீழே இழுத்திருந்தது.

இந்த அளவு டிஷ் பார்க்கும் கற்றையின் அகலம் சுமார் 3 டிகிரி. 1 டிகிரி விலகினால் ஒன்றேகால் டெசிபெல் போகும், 1.5 டிகிரி விலகினால் பாதி சக்தி போய்விடும். அதோடு 91.5 டிகிரியிலும் 95 டிகிரியிலும் வேறு செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. விலகிய டிஷ் அவற்றின் சிக்னலை இரைச்சலாக உள்ளே விடும். ஸ்ட்ரென்த் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்புபவர்கள் பக்கத்துச் செயற்கைக்கோளில் போய் நிற்பதும் இதனால்தான். ஸ்ட்ரென்த், எல்என்பி உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் அதிகம் சொல்லாது. வெறும் வானத்தைப் பார்த்தாலும் அது ஏறி நிற்கும். திருப்பும்போது கண் குவாலிட்டியின் மேல்தான் இருக்க வேண்டும்.

முதலில் ஆங்கர் போல்ட்டை மாற்றிக் கம்பத்தைச் செங்குத்தாக்கினார். பிறகு நட்டுகளைப் புதிதாகப் போட்டு, டிஷ் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கிவிட்டு, உயரக் கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஒவ்வோர் அசைவுக்குப் பின்னும் கையை எடுத்துவிட்டு மூன்று நான்கு நொடி காத்திருந்தார். பாக்ஸ் எண்ணைப் புதுப்பிக்க அவ்வளவு நேரமாகும். அவசரப்பட்டால் உச்சத்தைத் தாண்டிப் போய்விடுவோம். உயரம் சரியானதும் குவாலிட்டி 75 வந்தது.

அடுத்து எல்என்பியைப் பிடிப்பானுக்குள் திருப்பினார். தெற்கே வர வர இந்தத் திருப்பம் கூடும் என்பதால் வடக்கத்திய படங்களைப் பார்த்து வைத்தால் சரிவராது. ஒரு பக்கம் திருப்பிக் குவாலிட்டி 60-க்கு இறங்கும் இடத்தில் ஒரு கோடு, மறுபக்கம் திருப்பி அதே 60-க்கு இறங்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினார். உச்சத்தை நேராகத் தேடுவதைவிட இது துல்லியம். குவாலிட்டி 82. அந்த இடத்தில் பெயிண்ட் மார்க்கரால் எல்என்பியிலும் பிடிப்பானிலும் சேர்த்து ஒரு கோடு போட்டார்.

நட்டுகளை எதிரெதிராக, கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினார். ஒரே பக்கத்தை முழுக்க இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுபடும். கடைசியில் டிஷ்ஷின் விளிம்பை மேலே, கீழே, இடம், வலம் என நான்கு பக்கமும் ஒரு விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். நான்கிலும் குவாலிட்டி குறைந்தது. ஏதாவது ஒரு பக்கம் தள்ளும்போது கூடியிருந்தால் இன்னும் உச்சத்துக்கு வரவில்லை என்று பொருள்.

எல்லாம் முடிந்த பிறகே ஆட்டோ ஸ்கேன்.

விளைவு

அந்த வாரத்திலேயே இரண்டு முறை கனமழை பெய்தது. முதல் மழையில் கொட்டிய நேரத்தில் எல்லாச் சேனலும் சேர்ந்து போய், மழை தணிந்ததும் சில நிமிடங்களில் சேர்ந்தே வந்தன. இரண்டாவது மழையில் படம் போகவே இல்லை. மறுநாள் காலைகளில் நான்கு அலைவரிசைகளும் 80-க்கு மேல் சமமாக இருந்தன. பொங்கல் கழித்து, பருவமழை முழுதும் முடிந்த பின் எடுத்த எண்களும் அதையே காட்டின. தென்னை நிற்கிறது.

தேவையில்லாமல் போனது ஒரு எல்என்பியின் விலையும் முதல் மெக்கானிக்கின் கூலியும். பழைய எல்என்பியை மாற்று உதிரியாகத் துணி சுற்றி வைத்திருக்கிறார்கள்.

இதே நிலை மறுபடி வந்தால்

ஸ்கேன் முதல் வேலையாக இருக்கக் கூடாது. குறைந்தது மூன்று அலைவரிசைகளின் குவாலிட்டியை, பழுது இருக்கும்போது ஒரு முறையும் இல்லாதபோது ஒரு முறையும் எழுதிவைத்த பிறகே எதையும் தொட வேண்டும். இந்த வீட்டில் அந்தத் தாள் முதல் வாரமே இருந்திருந்தால் எல்என்பி மாற்றம் நடந்திருக்காது.

2 மீட்டர் கேபிளோடு மாடியில் செய்யும் சோதனை அரை மணி நேர வேலை. அதை உதிரி மாற்றுவதற்கு முன்னால் கொண்டுவர வேண்டும். மாடிக்கு டிவியைத் தூக்க முடியாவிட்டால், பக்கத்து வீட்டிலிருந்து கேபிள் சுருள் ஒன்றை வாங்கி வெளியே தரையோடு விரித்து, பழைய கேபிளுக்குப் பதிலாக மாட்டிப் பார்த்தாலும் அதே விடைதான் கிடைக்கும்.

டெக்னீஷியன் வரும் நாளில் வெயிலடித்து எல்லாம் சரியாக ஓடினால், ஜாயிண்ட் மேல் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு 11630 போன்ற மேல் அலைவரிசையைக் கவனிக்கலாம். சுவரையொட்டி மின்சார சர்வீஸ் வயர் போகும் இடத்தில் இதைச் செய்யக் கூடாது. அங்கே டிஷ் கம்பத்தைக் கழற்றவும் கூடாது, மெயினை அணைத்தால்கூட வெளிவயரில் மின்சாரம் இருக்கும்.

வெளியே ஜாயிண்ட் தவிர்க்கவே முடியாத வீடுகளில், அது தொய்வின் அடியில் இல்லாமல் சன்ஷேடுக்கு நேர் கீழே உயரமாக, இரண்டு பக்கக் கேபிளும் கீழிருந்து மேலேறி வந்து சேரும்படி இருக்க வேண்டும். கடலோர ஊர்களில் ஆடி முடிந்து ஐப்பசி மழை தொடங்குவதற்குள் ஒரு முறை அந்த டேப்பைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டு, புது ரப்பர் டேப் சுற்றிவிட வேண்டும்.